மறைந்து வந்தவளும் நின்று கேட்டவரும்



அக்டோபர் மாதம் மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வு மாதமாக உலகெங்கும் அனுசரிக்கப்படுகிறது. அவிநாசியிலிருந்து கோயம்புத்தூர் செல்லும்போது மருத்துவமனை வாசல்களில் இளஞ்சிவப்பு நாடா வரைந்த பதாகைகளைக் கண்டிருப்பீர்கள். நானும் பல ஆண்டுகள் அவற்றைக் கண்டு கடந்து போனவன்தான். பிரசங்க பீடத்தில் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. பெண்களின் உடலைக் குறித்த காரியம், அதை ஆயர் எப்படிப் பேசுவது என்று எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதைக் கற்றுக்கொண்ட விதத்தை முதலில் உங்கள் முன் அறிக்கையிட்டுவிட்டு, பின்பு வரலாற்றுக்குள் செல்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில் ஊழியம் செய்த காலம். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை செய்துவந்த ஒரு சகோதரி, ஞாயிறு ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு கடைசியாக வந்து நிற்பார். “உடம்புக்கு முடியலைங்க ஐயா, ஜெபம் பண்ணுங்க” என்பார். நானும் ஜெபிப்பேன். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு போய்விடுவார். மாதங்கள் பல இப்படியே சென்றன. “உடம்புக்கு என்னம்மா?” என்று ஒருமுறைகூட நான் கேட்கவில்லை. ஒரு நாள் மாலை அவருடைய மகள் குருமனைக்கு ஓடிவந்தாள். மார்பிலிருந்த கட்டி உடைந்து புண்ணாகி, துணிமேல் துணி வைத்துக் கட்டியும் மறைக்க முடியாத நிலை வந்த பிறகே வீட்டில் தெரிந்திருக்கிறது. பின்னர் என் மனைவியிடம் அச்சகோதரி சொன்ன வார்த்தை இன்றும் என் காதில் நிற்கிறது: “வீட்டுக்காரர்கிட்டயே சொல்லலைங்கம்மா, ஐயாகிட்ட எப்படிங்க சொல்றது?” மருத்துவர்கள் தங்களால் இயன்றதைச் செய்தார்கள். அடுத்த ஆண்டு அவரை அடக்கம் செய்தோம்.

நான் ஜெபித்தது தவறன்று. கேளாமல் ஜெபித்தது தவறு.

இதை எழுதும்போது மாற்கு சுவிசேஷத்தின் ஐந்தாம் அதிகாரம் நினைவுக்கு வருகிறது. பன்னிரண்டு ஆண்டுகள் பெரும்பாட்டினால் வருந்திய ஒரு ஸ்திரீ. அநேக வைத்தியர்களிடம் சென்று, கையிலிருந்ததையெல்லாம் செலவழித்தும், குணமடையாமல் இன்னும் மோசமானாள் என்று சுவிசேஷகர் ஒளிக்காமல் எழுதுகிறார். அவளுடைய நோய் பெயர் சொல்ல முடியாத நோய். நியாயப்பிரமாணத்தின்படி தீட்டு. ஆகவே அவள் முன்னால் வரவில்லை, பின்னால் வந்தாள். வாய் திறக்கவில்லை, ஆடையைத் தொட்டாள். அந்நேரம் ஆண்டவர் மிக அவசரமான ஓர் அழைப்பை ஏற்று நடந்துகொண்டிருந்தார். ஜெப ஆலயத் தலைவனாகிய யவீருவின் மகள் மரணத் தறுவாயில் இருந்தாள். ஆயினும் அவர் நின்றார், திரும்பினார், தம்மைத் தொட்டது யார் என்று கேட்டார். அவளுடைய இரத்தப்போக்கு அதற்கு முன்னமே நின்றுவிட்டது. வியாதி நீங்குவது மட்டுமே நோக்கமானால் அவர் நிற்க வேண்டிய அவசியமே இல்லை. அவளோ நடுங்கிக்கொண்டு வந்து, நடந்ததை முழுவதும் சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். கேட்டபின் அவளை மகள் என்று அழைத்தார். பன்னிரண்டு ஆண்டுகளில் அவள் சொல்வதை முதன்முதலாக ஒருவர் இறுதிவரை கேட்டது அன்றுதானோ என்று நான் நினைப்பதுண்டு.

நின்று கேட்பது என்னும் இந்தக் காரியத்தை மருத்துவ உலகம் எப்படிக் கற்றுக்கொண்டது? மார்பகப் புற்றுநோயின் வரலாற்றில் அதற்கு நீண்ட காலம் பிடித்தது.

ஏறக்குறைய 3,600 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் படியெடுக்கப்பட்ட ஒரு பாப்பிரஸ் சுருளில் மார்பில் எழும் கட்டிகளைப் பற்றிய குறிப்பு உள்ளது. சிகிச்சை இல்லை என்பதே அதன் முடிவு. நெடுங்காலம் அந்நிலை பெரிதும் மாறவில்லை. மயக்க மருந்து இல்லாத நாட்களில் அறுவை எப்படியிருந்தது என்பதை, அதற்கு உட்பட்ட ஒரு பெண்ணே எழுதி வைத்திருக்கிறார். ஃபேனி பர்னி என்னும் ஆங்கில நாவலாசிரியைக்கு 1811ஆம் ஆண்டு செப்டம்பர் 30ஆம் நாள் பாரிஸ் நகரில், அவருடைய வீட்டிலேயே அறுவை நடந்தது. கறுப்பு உடையணிந்த ஏழு ஆண்கள் அறைக்குள் வந்தனர். மயக்கத்திற்கு என்று எதுவும் கிடையாது. ஏறக்குறைய 20 நிமிடங்கள் நீடித்த அந்த வேதனையைப் பல மாதங்கள் கழித்தே அவரால் தம் சகோதரிக்குக் கடிதமாக எழுத முடிந்தது. எழுதியதைத் திரும்பப் படிக்கவும் இயலவில்லை என்கிறார்.

அந்தக் கடிதத்தில் ஒரு விவரம் என்னை நிறுத்தியது. கத்தியைப் பிடித்தவர் நெப்போலியனின் படை மருத்துவரான லாரே. போர்க்களங்களில் எண்ணற்ற கை கால்களை வெட்டியெடுத்தவர். இந்தப் பெண்ணுக்கு அறுவை தேவை என்று சொல்லும்போது அவர் கண்களில் நீர் நின்றது என்றும், எல்லாம் முடிந்தபின் பார்த்தபோது அவர் முகம் தம் முகத்தைப் போலவே வெளிறியிருந்தது என்றும் பர்னி எழுதுகிறார். அதன்பின் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்து, 1840இல் தம் 87ஆம் வயதில் மறைந்தார். வலியில் துடித்த அந்த நேரத்திலும் மருத்துவரின் முகத்தை அவர் பார்த்திருக்கிறார். நோயாளி நம் முகத்தைப் பார்க்கிறார் என்பதை மருத்துவரும் மறக்கலாகாது, நோயாளியைக் காணச் செல்லும் நாமும் மறக்கலாகாது.

1846இல் ஈதர் மயக்க மருந்து வந்தது. பின்னர் கிருமிநீக்க முறைகள் வந்தன. அறுவையின் வேதனையும் ஆபத்தும் குறைந்தன. ஆனால் வேறொரு துயரம் தொடங்கியது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்னும் திறமைமிக்க அறுவை மருத்துவர், மார்பகத்தை மட்டுமன்றி அதன் அடியிலுள்ள மார்புத் தசைகளையும் அக்குளிலுள்ள நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து அகற்றும் முறையை வகுத்து, 1894இல் அதன் பலன்களை வெளியிட்டார். புற்று ஓரிடத்தில் தோன்றிப் படிப்படியாகப் பக்கத்தில் பரவுகிறது, ஆகவே எவ்வளவு அகலமாக வெட்டுகிறோமோ அவ்வளவு நல்லது என்பது அவருடைய கருத்து. அவர் கொடியவர் அல்லர். நோயாளிகளைக் காப்பாற்றவே பாடுபட்டார். ஆனால் அவருக்குப் பின் ஏறக்குறைய 80 ஆண்டுகள் அந்த முறை கேள்வியின்றித் தொடர்ந்தது. பிழைத்த பெண்கள் குழிந்த மார்போடும், வீங்கிய கையோடும், முழுதாகத் தூக்க இயலாத தோளோடும் வாழ்ந்தார்கள். 1920களில் லண்டனில் ஜெஃப்ரி கெயின்ஸ் என்னும் மருத்துவர் சிறிய அறுவையோடு ரேடியம் வைத்தும் பெண்களைக் காக்கலாம் என்று காட்டினார். பெரும்பாலானோர் செவிகொடுக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் இருந்தது. கட்டியோடு வரும் பெண்ணை மயக்கப்படுத்துவார்கள். கட்டியிலிருந்து சிறு துண்டை எடுத்து அப்பொழுதே சோதிப்பார்கள். புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்திலேயே மார்பகத்தை அகற்றிவிடுவார்கள். கண் விழித்து, தன் கையால் தடவிப் பார்த்த பின்னரே தனக்கு நேர்ந்தது என்ன என்பதை அந்தப் பெண் அறிவாள். 1974இல் ரோஸ் குஷ்னர் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் இதற்கு உடன்பட மறுத்தார். முதலில் சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவைச் சொல்லுங்கள், பிறகு யோசித்து நான் தீர்மானிக்கிறேன் என்றார். அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்கே பல மருத்துவர்கள் இணங்கவில்லை. அவர் ஓயாமல் எழுதினார், பேசினார். 1979இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டிய குழு, சோதனையையும் அறுவையையும் வெவ்வேறாகச் செய்ய வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் குஷ்னரும் ஓர் உறுப்பினர்.

அதே ஆண்டுகளில் பிட்ஸ்பர்க் நகரின் பெர்னார்ட் ஃபிஷரும் மிலான் நகரின் உம்பெர்டோ வெரோனேசியும் ஹால்ஸ்டெட் முறையைச் சோதித்துப் பார்க்கத் துணிந்தனர். நூற்றுக்கணக்கான பெண்கள் தங்களை அந்த ஆய்வுகளுக்கு ஒப்புக்கொடுத்தனர். தொடக்க நிலையில் கண்டறியப்பட்ட புற்றுக்கு, கட்டியையும் அதைச் சுற்றியுள்ள பகுதியையும் மட்டும் எடுத்துக் கதிர்வீச்சு அளித்தால், மார்பகம் முழுவதையும் எடுத்தவர்கள் வாழும் காலம்வரை அவர்களும் வாழ்கிறார்கள் என்பது வெரோனேசியின் 1981ஆம் ஆண்டு அறிக்கையிலும், ஃபிஷரின் 1985ஆம் ஆண்டு அறிக்கையிலும் தெரிந்தது. 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து பார்த்து 2002இல் இருவரும் வெளியிட்ட முடிவுகளும் அதையே உறுதிசெய்தன. எண்பது ஆண்டுகள் பெண்கள் சுமந்த அந்தப் பாரத்தில் பெரும்பகுதி தேவையற்றதாயிருந்தது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே தடை வேறு விதமானது. பெண்ணின் நோயைக் கேட்க ஆள் இல்லாதது ஒருபுறம், சொல்லப் பெண்ணுக்கு வாய் வராதது மறுபுறம். ஆண் மருத்துவரிடம் மனைவியரைக் காட்ட மனமில்லாததால், ஒரே இரவில் பிரசவ வேதனையில் மூன்று பெண்கள் திண்டிவனத்தில் இறந்ததைக் கண்ட ஐடா ஸ்கடர் அம்மையார், மருத்துவம் பயின்று 1900இல் திரும்பி வந்ததையும், 1918இல் வேலூரில் பெண்களுக்கென மருத்துவப் பள்ளி தொடங்கியதையும் நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளும் அறிவார்கள். இன்று நான் சொல்ல விரும்புவது, நம் சபைகளில் அவ்வளவாகப் பேசப்படாத மற்றொரு வரலாற்றை.

புதுக்கோட்டையில் 1886இல் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். 1923இல் அவருடைய தங்கை புற்றுநோயால் மறைந்தார். முதலில் அதைச் சீதபேதி என்றே கருதிச் சிகிச்சை நடந்தது. அக்காள் மருத்துவராக இருந்தும் தங்கையைக் காக்க முடியவில்லை. அந்தத் துக்கத்தை அவர் ஒரு நோக்கமாக ஏற்றுக்கொண்டார். 1949இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். எப்படியும் இறக்கப்போகிற நோயாளிகளுக்கு மருத்துவமனை எதற்கு என்ற கேள்வி அதிகாரத்தில் இருந்தவர்களிடமிருந்தே எழுந்தது. அவர் சோர்ந்துபோகவில்லை. 1952இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டு ஜூன் 18ஆம் நாள் சென்னை அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் நிலையம் திறக்கப்பட்டது. அவருடைய மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதன் முதல் மருத்துவர்.

அடுத்த ஆண்டு, 1955 ஏப்ரல் 13ஆம் நாள், 28 வயதான டாக்டர் வி. சாந்தா அங்கே வந்து சேர்ந்தார். மகப்பேறு மற்றும் பெண்கள் நல மருத்துவத்தில் எம்.டி. முடித்தவர். அரசுத் தேர்வில் தேறி, பெண்கள் குழந்தைகள் மருத்துவமனையில் நல்ல பணி கையில் இருந்தது. அதை விட்டுவிட்டு, சில அறைகளே கொண்ட ஒரு நிலையத்துக்கு அவர் போவதைக் கண்டு ஆசிரியர்கள் வியந்தார்கள், சிலர் கோபமும் கொண்டார்கள். முதல் மூன்று ஆண்டுகள் ஊதியமின்றி உழைத்தார். பின்னர் மாதம் 200 ரூபாயும், வளாகத்துக்குள்ளேயே தங்கும் இடமும் கொடுக்கப்பட்டன. 2021 ஜனவரி 19ஆம் நாள் தம் 93ஆம் வயதில் மறையும்வரை, 65 ஆண்டுகளுக்கும் மேலாக அவர் அந்த நிலையத்துக்கே தம்மைக் கொடுத்தார். 2005இல் மகசேசே விருது கிடைத்தது. 2016இல் பத்ம விபூஷண் வந்தது. விருதுத் தொகைகளையும் நிலையத்துக்கே கொடுத்துவிட்டார்.

இவர்கள் செய்த வேலையில் நான் கவனிக்கும் காரியம் ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் இத்தாலியிலும் ஆய்வுக்கு வந்த பெண்கள் பெரும்பாலும் சிறிய கட்டியோடு வந்தவர்கள். அடையாற்றுக்கு வந்தவர்களில் பலரோ, நான் அடக்கம் செய்த அந்தச் சகோதரியைப் போல, மறைத்து மறைத்து முற்றிய நிலையில் வந்தவர்கள். ஏன் இவ்வளவு தாமதம் என்று கடிந்து அனுப்பிவிடுவது எளிது. சாந்தா அம்மையாரும் உடன் உழைத்தவர்களும் அவ்வாறு செய்யவில்லை. முதலில் மருந்தும் கதிர்வீச்சும் கொடுத்துக் கட்டியைச் சுருங்கச் செய்து, பின்னர் அறுவை செய்யும் முறையைக் கையாண்டு, அதன் பலன்களைப் பல ஆண்டுகள் பதிவுசெய்தார்கள். நோயாளி எந்த நிலையில் வந்தாரோ அந்த நிலைக்கு ஏற்றவாறு சிகிச்சையை மாற்றிக்கொண்டார்கள். பணமில்லாதவரைத் திருப்பி அனுப்பலாகாது என்பது அந்நிலையத்தின் கொள்கை. அங்கு சிகிச்சை பெறுவோரில் பெரும்பகுதியினர் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ பெறுகிறார்கள். சாந்தா அம்மையார் பேசிய இடமெல்லாம் புற்றுநோயை மரணத்தோடு இணைத்துப் பேசும் வழக்கத்தைக் கடிந்துரைத்தார். அந்தப் பேச்சே பெண்களை வீட்டில் ஒளியச் செய்கிறது என்பதை அவர் அறிந்திருந்தார்.

அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். ஆனால் நல்ல சமாரியன் உவமையைக் கூறிய ஆண்டவர், காயப்பட்டவனுக்கு அயலானாய் இருந்தவன் யார் என்றே கேட்டார். ஆசாரியனும் லேவியனும் விலகிப்போன வழியில் நின்றவன் வேற்றினத்தான். அந்த உவமையை வாசிக்கும்போது ஆசாரியனுடைய இடத்தில் என்னைக் காண்கிறேன். அவனும் போகிற வழியில் ஒருவேளை ஜெபித்திருப்பான்.

பிரியமானவர்களே, இந்த வரலாற்றை அறிந்தபின் நாம் என்ன செய்யப் போகிறோம்?

சகோதரிகளே, இந்திய நாட்டில் பெண்களுக்கு இன்று மிகுதியாக வரும் புற்றுநோய் இதுவே. மார்பிலோ அக்குளிலோ ஒரு கட்டி தென்பட்டால், வலி இல்லை என்று விட்டுவிடாதீர்கள். தொடக்கத்தில் பெரும்பாலும் வலி இராது. தோல் குழிந்தாலும், காம்பு உள்வாங்கினாலும், அதிலிருந்து இரத்தம் கசிந்தாலும் மருத்துவரிடம் காட்டுங்கள். கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. எது புற்று, எது புற்று அல்ல என்பதைச் சோதித்தே அறிய முடியும். மும்பை டாடா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கி, ஒன்றரை இலட்சம் பெண்களை 20 ஆண்டுகள் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்தது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணிப்பெண்கள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கையால் பரிசோதித்ததிலேயே, 50 வயதும் அதற்கு மேலும் உள்ள பெண்களில் மார்பகப் புற்றுநோய் மரணங்கள் ஏறக்குறைய 30 விழுக்காடு குறைந்தன. விலையுயர்ந்த கருவி எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. நம் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் 30 வயது கடந்த பெண்களுக்கு இப்பரிசோதனை கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் புற்றுநோய்ச் சிகிச்சையும் அடங்கும்.

மருத்துவரிடம் கேட்கவும் அஞ்சாதீர்கள். எனக்கு வந்திருப்பது என்ன, எந்த நிலை, வேறு வழி உண்டா, நான் யோசிக்க நாள் உண்டா என்று கேட்பது மரியாதைக் குறைவன்று. அந்த உரிமையை உங்களுக்காகச் சிலர் போராடிப் பெற்றுத் தந்திருக்கிறார்கள். நல்ல மருத்துவர் உங்கள் கேள்விக்காக நிற்பார்.

கணவன்மாரே, மருத்துவமனைக்கு மனைவியைத் தனியே அனுப்பாதீர்கள். அறுவைக்குப் பின் அவர் தம்மைக் கண்ணாடியில் பார்க்கும் முன் உங்கள் முகத்தைத்தான் பார்ப்பார். அங்கே அவர் காணப்போவது என்ன என்பதை இப்போதே ஆண்டவர் சமுகத்தில் ஆயத்தப்படுத்திக்கொள்ளுங்கள்.

மருத்துவரிடம் போவது அவிசுவாசம் என்று சொல்வோர் நம் நடுவிலும் உண்டு. பவுலின் உடன்பணியாளனாகிய லூக்கா ஒரு வைத்தியன் என்பதை அவர்களுக்கு அன்போடு நினைவூட்டுங்கள்.

என் பங்குக்கு நான் செய்யப்போவதையும் சொல்கிறேன். இனி ஜெப விண்ணப்பத்தோடு வருகிறவரிடம் நான் விசாரிப்பேன். என்னிடம் சொல்லக் கூச்சமான காரியத்தைக் குருமனையில் அம்மாவிடம் சொல்லலாம். பெயர் வெளியே போகாது, ஆராதனையில் வாசிக்கப்படாது. வருகிற மாதம் பெண்கள் ஐக்கிய சங்கக் கூட்டத்துக்கு ஒரு பெண் மருத்துவரை அழைத்திருக்கிறோம். இளம் பெண்களும் வயதான தாய்மார்களும் தவறாமல் வாருங்கள். பரிசோதனைக்குப் போகத் துணையில்லாதவருக்கு, உடன் செல்ல சங்கத்தின் மூத்த சகோதரிகள் இருவர் முன்வந்திருக்கிறார்கள்.

ஜெபிப்போம். பன்னிரண்டு ஆண்டு மறைத்த துயரத்தோடு வந்தவளுக்காக வழியில் நின்ற ஆண்டவரே, எங்கள் சபையில் பின்னால் வந்து நிற்கிறவர்களை நாங்கள் காணும்படி செய்தருளும். மருத்துவர்களின் கைகளுக்குத் திறமையையும் செவிகளுக்குப் பொறுமையையும் தாரும். சொல்ல வாயில்லாதவர்களுக்கு வாயையும், கேட்க மறந்த எங்களுக்குக் காதையும் தாரும். கேளாமல் ஜெபித்த உமது ஊழியக்காரனை மன்னியும். ஆமென்.

உங்கள் ஆயர்